பெட்டிக்குள் பேசிய பெண்

சுவிட்சைப் போட்டு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, பெட்டியின் மூன்று கண்ணாடி வால்வுகளும் மெல்லச் சிவந்தன. திரை இழுத்துவிட்ட அறை, வெளியே தூறல், சாப்பிட்ட மயக்கம். மேஜை மேல் மட்டும் மூன்று சின்னக் கனல்கள். லிஃப்ட் மெக்கானிக் நிம்மதியாக மூச்சு விட்டான். நாலு மாதமாகச் சாப்பாட்டு மேஜையை அடைத்துக்கொண்டிருந்த, அவனே செய்த கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு ஒருவழியாக உயிர் வந்துவிட்டது.

சோபாவில் அவன் மனைவி கிட்டாரை மடியில் வைத்திருந்தாள். ஒரு தந்தியைக்கூட அவள் இன்னும் தொடவில்லை. அதற்குள் ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

தெரியாத பாஷை. அவசரமே இல்லாத குரல். எதையோ பட்டியல் வாசிப்பதுபோல ஏறி, இறங்கி, ஒரு மூச்சு நின்று, மறுபடி ஏறியது.

"மாப்ளே," என்றார் மனைவியின் அண்ணன். நகர பஸ் டிரைவர். பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தார். "உள்ள யாரையாவது வச்சுப் பூட்டிட்டியா?"

"ரேடியோ மச்சான். எங்கேர்ந்தோ இழுக்குது."

"ரேடியோவா செஞ்சே?"

"இல்லியே. அதான் பயமா இருக்கு."

பயப்படாமல் என்ன செய்வான்? ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மேடையில், மனைவி வாசித்த பாட்டின் நடுவே, வாடகை ஆம்ப்ளிஃபயர் வீல் என்று கத்தியது. கூட்டம் சிரித்தது. கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியவள்தான், அப்புறம் நாலு பேர் முன்னால் வாசிக்கவே இல்லை. இன்று ஐந்து மணிக்கு நூலகக் கூடத்தில் வாசிக்கச் சம்மதித்திருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை: "என் விரல் போடாத சத்தம் ஒண்ணுகூட அதுலேர்ந்து வரக் கூடாது. வந்தா நான் மேடையேற மாட்டேன்."

மணி இரண்டே கால்.

கிட்டாரின் சத்தத்தை முழுக்கக் குறைக்கச் சொன்னான். குரல் போகவில்லை. அணைத்து, ஆறவிட்டு, முதல் வால்வைப் பிடுங்கிவிட்டு மறுபடி சுவிட்சைப் போட்டான். நிசப்தம். திரும்பச் செருகினான். பெட்டிக்குள் இருந்தவள் பட்டியலைத் தொடர்ந்தாள்.

"அப்ப முதல் வால்வுக்கு முன்னாடிதான் எங்கியோ நுழையறா," என்றான்.

"நம்ம பஸ்ல ஸ்டாப் பேர் சொல்றது இந்தக் குரலா இருந்தா ஒருத்தன் எறங்க மாட்டான்," என்றார் மச்சான் கண்ணை மூடிக்கொண்டு.

மெக்கானிக் அடுக்களைக்குப் போய் மரக் கரண்டியோடு வந்தான்.

"அது கிண்டறதுக்குங்க," என்றாள் மனைவி.

"கிண்டத்தான் போறேன். உள்ள ஓடுற கரண்டுல கை வச்சா நான் மேல போயிடுவேன், லிஃப்டே வேணாம்."

பெட்டியைக் கவிழ்த்து, கரண்டிக் காம்பால் ஒவ்வொரு ஒயராகத் தள்ளிப் பார்த்தான். ஒன்றும் மாறவில்லை. கிட்டார் செருகும் துளையிலிருந்து கிளம்பும் ஒயரைத் தொட்டதும் குரல் பக்கத்து அறைக்குப் போனது. காம்பை எடுத்தான், தோளருகே வந்து நின்றது. மறுபடி அழுத்தினான், கடலுக்கு அப்பால் போனது. நேரம் போவது தெரியாமல் அவளைத் தூரத்துக்கு அனுப்புவதும் கூப்பிடுவதுமாக இருந்தான். சோபாவில் அவன் மனைவி கன்னத்தைக் கிட்டாரில் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"தெரியல. ஆனா ஏன் வர்றாங்கன்னு தெரிஞ்சு போச்சு," என்றான். குரலில் சுரத்தில்லை.

லிஃப்ட் பேனலில் ஒயர் கட்டுவதில் அவனை அடிக்க ஆளில்லை. எல்லா ஒயரும் ஓரத்தோடு ஓடி, மூலையில் நேராகத் திரும்பி, விரற்கடைக்கு ஒரு முடிச்சோடு ஒரே கட்டாகப் போகும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவன் கட்டின பேனலைத்தான் திறந்து காட்டுவார்கள். அதே கையால் இதையும் கட்டியிருந்தான். குறுக்கே போனால் நாலு விரல் தூரம். அவன் ஒயர் அழகுக்காகப் பெட்டியை ஒரு முழுச் சுற்று வந்தது. இரண்டு முழ நீளத்தில், ரேடியோவை இழுக்கும் ஏரியல்.

"அறுக்கணுமா?" என்றார் மச்சான். அந்த ஒயர்க் கட்டு உருவாவதை அவரும் மூன்று வாரமாகப் பார்த்திருக்கிறார்.

"அறுக்கணும்."

"நா வேணா மூஞ்சியத் திருப்பிக்கறேன், மாப்ளே."

பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கியிருந்த கரண்டை வடியவிட்டு, முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டினான். ஐந்தாவது முடிச்சில் கை கொஞ்சம் நின்றது. துளையிலிருந்து வால்வுக்குக் குறுக்கே, கோணலாக, உறை போட்ட குட்டை ஒயர் ஒன்று இழுத்தான். வால்வின் காலை ஒட்டி ரேடியோ அலையைத் தடுக்க ஒரு ரெசிஸ்டரைக் காவலுக்கு வைத்துப் பற்றவைத்தான். பார்க்கச் சகிக்கவில்லை. பின்னால், எதிலும் செருகாத கிட்டாரில் மனைவியின் விரல்கள் சன்னமாக எதையோ தேடிக்கொண்டிருந்தன. வேலை மும்முரத்தில் அவன் கவனிக்கவில்லை.

சுவிட்சைப் போட்டான். கனல்கள் மூன்றும் விழித்தன. சத்தத்தைக் கடைசி வரை திருகினான். ஜன்னலில் தூறல் விழுவதுதான் கேட்டது.

யாரோ சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனாற்போல இருந்தது.

"போயிட்டாங்க," என்றாள் மனைவி. பிறகு எழுந்து, கிட்டாரைப் பைக்குள் வைத்தாள். "கிளம்பலாங்க."

ஐந்து மணிக்கு நூலகக் கூடம் நிறைந்திருந்தது. அவள் மேடை நடுவே உட்கார்ந்தாள். ஓரமாக, ஆம்ப்ளிஃபயரைக் காவல் காப்பவன்போல மெக்கானிக் நின்றான், பக்கத்தில் மச்சான். விளக்குகள் அடங்கின. இருட்டில் மூன்று கனல்கள். கூடத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

அப்போது அந்தக் குரல் வந்தது.

ஏறி, இறங்கி, ஒரு மூச்சு நின்று, மறுபடி ஏறியது. மெக்கானிக்கின் கை சுவிட்சை நோக்கிப் பாய்ந்தது. மச்சான் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"சும்மா இரு மாப்ளே," என்றார் காதோடு. "அவ வெரலப் பாரு."

பார்த்தான். இடது கை விரல் ஒன்று தந்தியின் மேல் வழுக்கி ஏறியது, குரல் ஏறியது. விரல் நின்றது, குரல் மூச்சு வாங்கியது. அவள் கண்ணை மூடியிருந்தாள். அந்தப் பட்டியலின் அடுத்த வரியை, அவசரமில்லாமல், வாசிக்கத் தொடங்கினாள்.