ஏலகிரிக் கேரவனில் மிச்சமிருந்த மே மாதம்

சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று செலினும் அவள் கணவர் இக்னேஷியஸும் ஏலகிரியில் வாங்கிய கேரவனுக்குள் ஒரு மே மாதம் மிச்சமிருந்தது. விற்ற எத்திராஜ் அதை மறைக்கவில்லை. சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பலா மரத்தடியில் சிமெண்ட் கற்களின் மேல் உட்கார்த்தி வைத்திருந்த வண்டி அது. கதவைத் திறந்து காட்டும்போதே சொல்லிவிட்டார்.

“உள்ள ஒரு மே மாசம் இருக்குதுங்க. பழசு. ஒரு குடும்பம் லீவுக்கு வந்து தங்கிச்சு. ஊர்ல இருந்து தந்தி வரவும் பாதியில கிளம்பிட்டாங்க. மீதி அப்படியே நின்னுபோச்சு. யாரையும் தொந்தரவு பண்ணாது.”

“ஒழுகுமா?” என்று கேட்டார் இக்னேஷியஸ். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எதை வாங்கினாலும் முதலில் கூரையைத்தான் பார்ப்பார்.

“மே மாசத்துல எங்க ஒழுகப் போவுது?” என்றார் எத்திராஜ்.

முதலில் தங்க வந்தவர்கள் மார்கழிக் குளிரில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக வந்தார்கள். கதவருகே எல்லாவற்றையும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்கள். உள்ளே தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை ஓடியது. பின்பக்கத்துச் சின்னச் சமையலறையில் வளையல் சத்தம் கேட்கும். ஆளைப் பார்க்க முடியாது. அவ்வப்போது ஒரு குரல் மட்டும் கூப்பிடும்: “பேபி, மாங்கா வெட்டி வச்சிருக்கேன். வந்து எடுத்துக்கோ.” போய்ப் பார்த்தால் உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய துண்டுகள் தட்டில் இருக்கும். வந்தவர்கள் சாப்பிட்டார்கள்.

ஒரே சிக்கல் மத்தியானங்கள்தான். மே மாதத்து மத்தியானம் லேசில் முடியாது. ஓர் இரவுக்கென்று வந்தவர்கள் முதல் மத்தியானத்திலேயே படுத்திருக்க, அடுத்த குடும்பம் பெட்டிகளோடு வந்து நிற்கும். இக்னேஷியஸ் மரத்தடியில் நாற்காலி போட்டார். காத்திருந்தவர்கள் சண்டை போடவில்லை. தரையில் மல்லாந்து கிடப்பவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலூரிலிருந்து வந்த வங்கி மேலாளர் ஒருவர் கதவைத் திறந்து தலையை நீட்டி, “மணி நாலாயிடுச்சா?” என்று கேட்டார்.

“வெளியில ஞாயித்துக்கிழமை ஆயிடுச்சு சார்,” என்றார் இக்னேஷியஸ்.

உள்ளே பெருக்கித் துடைப்பது செலின் வேலை. அவள் கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவள். கோடை லீவு விட்டதும் மற்ற பிள்ளைகளை யாராவது வந்து அழைத்துப் போவார்கள். செலினை அழைத்துப் போக ஆளில்லை. காலி வகுப்புகளில் பெஞ்சுகளைத் துடைத்தபடி அவளுடைய மே மாதங்கள் போயின. இதை அவள் இக்னேஷியஸிடம்கூட விவரமாகச் சொன்னதில்லை. ஆனால் இந்தத் தகரச் சூட்டில், இந்த மாங்காய் வாசனையில் நிற்கும்போது, எப்போதோ தானும் இங்கே இருந்துவிட்டுப் போனதுபோல் அவளுக்குத் தோன்றியது.

ஒருநாள் கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டுக்கொண்டிருந்தபோது, “பேபி” என்று குரல் கேட்டது.

“வரேம்மா,” என்றாள் செலின். சொல்லிப் பழக்கமில்லாத சொல் என்பதால் சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

சமையலறையில் கத்தியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, “செருப்பக் கழட்டிட்டு வா,” என்றது குரல். அவள் கழற்றிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் அவள் யாருக்கும் கேரவனைக் கொடுப்பதில்லை. உதட்டோரம் மிளகாய்த்தூளோடு வீட்டுக்கு வருவாள். இக்னேஷியஸ் பார்த்துவிட்டுத் துண்டை நீட்டுவார்.

வெளியே பங்குனி பிறக்கும்போது உள்ளே மாங்காயெல்லாம் பழுக்கத் தொடங்கியிருந்தது. சமையலறைப் பக்கமிருந்து பள்ளி திறக்கும் சமயத்தில் நோட்டுக்கு அட்டை போடும் பழுப்புத்தாள் வாசனை லேசாக வந்தது. மே முடியப்போகிறது என்று செலினுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரம்தான் ஒரு பெண் கட்டைப்பையோடு பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

“நான்தான் பேபி,” என்றாள். “எங்க மே மாசம் உங்ககிட்ட இருக்குதுன்னு சொன்னாங்க.”

செலின் தண்ணீர் கொடுத்தாள். பேபி குடித்துவிட்டுச் சொன்னாள்: “அம்மா அரக்கோணத்துல படுத்த படுக்கையா இருக்காங்க. என்னையே அடையாளம் தெரியல. ‘மலையில இருந்து ஏன்டி அவ்வளவு சீக்கிரம் வந்துட்டோம்’னு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்காங்க. மீதிய எடுத்துட்டுப் போயி அவங்ககிட்ட குடுத்துடலாம்னு வந்தேன்.”

கோடைக்கு வருவதாக எத்தனையோ பேர் சொல்லி வைத்திருந்தார்கள். இக்னேஷியஸ் மனைவியின் முகத்தைப் பார்த்தார். “நீயே சொல்லு செலின்,” என்றார்.

செலின் முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். “கொஞ்சந்தாம்மா இருக்கு,” என்றாள் கடைசியில். “நாங்க நிறைய செலவு பண்ணிட்டோம். நானும் பண்ணியிருக்கேன்.”

“பரவாயில்லக்கா. அம்மாவுக்கு இப்ப நிறைய தாங்காது.”

“எடுக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் உள்ள உக்காந்துக்கட்டுமா?” என்று கேட்டாள் செலின்.

“வாங்கக்கா. சேந்தே உக்காருவோம்.”

இருவரும் கட்டிலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்கள். ரேடியோவில் யாரோ அவுட் ஆனார்கள். வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை அவர்கள் காலில் போட்டுவிட்டு நகராமல் நின்றது. பேபிக்குக் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

“பேபி,” என்று கூப்பிட்டது குரல்.

“வரேம்மா,” என்றார்கள் இருவரும்.

வளையல் சத்தம் நின்றது. பிறகு இன்னொரு மாம்பழத்தை நறுக்குகிற சத்தம் கேட்டது.

“ரெண்டு பேரும் வாங்க. அடிச்சுக்காம எடுத்துக்குங்க.”

இரண்டு தட்டுகள் இருந்தன. செலின் தன் தட்டிலிருந்ததைக் கடைசித் துண்டுவரை மெதுவாகச் சாப்பிட்டாள்.

பிறகு ஜன்னல் பக்கமிருந்து பாய் சுருட்டுவதுபோல மே மாதத்தைச் சுருட்டினார்கள். சத்தம் சிந்திவிடாமல் ரேடியோவை நடுவில் வைத்தார்கள். கட்டைப்பையில் எல்லாம் அடங்கிவிட்டது. “அடியில கை குடுத்துத் தூக்கும்மா, பிடி அறுந்துடும்,” என்றார் இக்னேஷியஸ். பஸ்ஸில் கண்டக்டர் என்ன சாமான் என்று கேட்டார். பேபி சொன்னாள். “அப்போ நசுங்காம மடியிலயே வச்சுக்குங்க,” என்றார் அவர். வளைவில் பஸ் மறையும்வரை செலின் நின்றாள். விரல் நுனியில் இன்னும் இனிப்பு இருந்தது.

மறுநாள் இருவரும் கேரவனைக் கழுவிக் கதவைத் திறந்துவைத்தார்கள். உள்ளேயும் வெளியில் அடிக்கிற அதே மலைக்காற்றுதான் அடித்தது. செலின் படியில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் ஊர் ஏரியே தங்க இடம் கேட்டு வந்தது. லீவு நாள் தவறாமல் எல்லாரும் படகு விட்டதில் முதுகு விட்டுப்போய்விட்டது, இரண்டு நாள் யார் கண்ணிலும் படாமல் படுத்திருக்க வேண்டும் என்றது. படகுகளை மரத்தடியில் விட்டுவிட்டு வரும்படி இக்னேஷியஸ் சொன்னார். செலின் எழுந்து போய் விரிப்பை மாற்றினாள். துண்டு ஒன்று கூடுதலாக வைத்தாள். பிறகு வாசலுக்கு வந்து கேட்டாள்:

“காலையில டிபன் உங்களுக்கு மட்டும் போதுமா, மீனுங்களுக்கும் சேத்துச் சொல்லட்டுமா?”