இரண்டு விரற்கடைச் சாய்வு

நான் சொல்வதில் பாதி பொய் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அது தவறு. கால்வாசிதான். அவளுக்குக் கணக்கு வராது.

நான் லிஃப்டு மெக்கானிக். முப்பத்தெட்டு வருடம் மேலும் கீழுமாகவே வாழ்ந்தவன். அவளைப் பார்த்ததும் லிஃப்டில்தான். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுபோன பெட்டிக்குள் ஒரு பெண் மாட்டிக்கொண்டதாகக் கூப்பிட்டார்கள். போய்க் கூரைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கிதார் வாசித்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் இருங்க, இது முடிஞ்சிரட்டும்" என்றாள். மாட்டிக்கொண்டவர்கள் அழுவார்கள், என் வம்சத்தையே திட்டுவார்கள். என்னைக் காத்திருக்கச் சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன். அந்த அதிர்ச்சியில் கை நழுவி உள்ளே விழுந்தேன். வலது தோள் கழன்றுவிட்டது.

வேறொரு மெக்கானிக் வந்து எங்களை வெளியே எடுக்க ஆறு மணி நேரமானது. கேட்பவர் சுவாரசியமாகக் கேட்டால் ஒன்பது மணி நேரம் என்பேன். பொழுது போக வேண்டுமே! என் இடது கைக்குத் தந்திகளை அழுத்தச் சொல்லிக்கொடுத்தாள். அவள் வலது கையால் மீட்டினாள். தோள் பிறகு கூடியது. ஆனாலும் முழங்கை மார்பு உயரத்தைத் தாண்டி எழும்பாது. அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் அதே ஏற்பாடு. சோபாவில் நான் இடப்பக்கம், அவள் வலப்பக்கம்; கிதாரின் வயிறு பாதி என் மடியில், பாதி அவள் மடியில். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு. எங்களுக்கு முழுதாகத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான், அதுவும் அவளே கட்டியது. முப்பத்தோரு வருடம் அதையே வாசித்தோம்.

கீழ்வீட்டில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் இருக்கிறார். துடைப்பக்கட்டையால் அவர் வீட்டுக் கூரையை, அதாவது எங்கள் வீட்டுத் தரையை, மூன்று தரம் இடிப்பார்.

"உங்களுக்கு வேற பாட்டே தெரியாதா?" என்பது அவர் குரல்.

"தெரியும் வாத்தியாரே, இது இன்னும் சரியா வரலையே!" என்பாள் இவள், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி.

போன வருடம் அவள் போய்விட்டாள்.

ஐந்து மணி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. நானும் சோபாவின் இடப்பக்கம் உட்கார்ந்து கிதாரை மடியில் வைத்துத் தந்திகளை அழுத்துவேன். மீட்டத்தான் ஆள் இல்லை. அந்தக் கிதாரின் அகன்ற வயிற்றைத் தாண்டி என் வலது கை மேலேறாது. மீட்டாமல் அழுத்தினால் தந்தியில் ஒரு சத்தம் வரும். எறும்பு செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தால் எப்படிக் கேட்குமோ அப்படி. அந்தச் சத்தத்திலேயே பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடித்துவிட்டுக் கிதாரைப் பெட்டியில் வைப்பேன்.

ஒருநாள் மாடிப்படியில் வாத்தியார் நிறுத்தினார். "இப்பல்லாம் ரொம்ப நல்லா வாசிக்கிறீங்க. காதுல விழறதே இல்ல" என்றார். நல்ல மனிதர். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். ஒரு தடவையாவது அந்தப் பாட்டு முழுசாகக் காதில் விழ வேண்டும். அழுத்துவதும் நான், மீட்டுவதும் நான்.

பழைய ஐஸ் கம்பெனியின் பின்கட்டில் ஓர் அம்மாள் உடம்புக்கு ஏற்றபடி கிதார் செய்து தருகிறார் என்று கேள்விப்பட்டேன். கூன் விழுந்தவருக்குக் கூனுக்கு இசைவாக வளைத்த கிதார். விரல் குட்டையானவருக்கு மெலிந்த கழுத்து. அந்த வட்டாரத்தில் அவருக்கு முழக்கோல் என்று பெயர். ஆளும் அப்படித்தான், ஒல்லியாக, நேராக, பேச்சில்கூட வளைவு இல்லாமல் இருந்தார்.

"ஐயாவுக்கு என்ன கோளாறு?" என்றார்.

"தோள்தான். ஒம்பது மணி நேரம் லிஃப்டுல..."

"தோளு போதும். கதை வேணாம்" என்று பெஞ்சைக் காட்டினார். "வீட்ல எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க. நிமிந்து காட்றேன்னு நடிக்காதீங்க. நடிச்சா கிதாரும் நடிக்கும்."

நடிக்காமல் உட்கார்ந்தேன். அவர் என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, என் தொடை அகலம், தொந்தியின் வட்டம், முழங்கை எழும்பும் உயரம் எல்லாவற்றையும் குச்சியால் அளந்து பென்சிலால் குறித்துக்கொண்டார். களிமண் உருண்டையில் என் இடது கட்டைவிரலை அழுத்தச் சொல்லி அச்சு எடுத்தார். "இந்தக் கணு வீங்கியிருக்கு. கழுத்துக்குப் பின்னாடி இதுக்கு ஒரு பள்ளம் வைக்கிறேன்" என்றார். பதினெட்டு வயதுக்குப் பிறகு என்னை இவ்வளவு கவனமாகப் பார்த்தது போலீஸ்காரர் ஒருவர்தான்.

"வலது பக்கம் ரெண்டு விரற்கடை சாயறீங்க."

"அப்படியா?"

"உங்க உடம்பு அப்படி. அதுக்கு ஏத்த மாதிரியே செதுக்கிடறேன்."

மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டார். கிதாரைப் பார்த்ததும், வெயிலில் வைத்த மெழுகுவர்த்தியோ என்று நினைத்தேன். மேல் விளிம்பைச் சரிவாக இழைத்திருந்தார், என் கை மேலே ஏறாமல் அதன்மேல் சறுக்கிக்கொண்டே தந்திக்குப் போய்ச் சேரும்படி. தொடையில் உட்காரும் அடிக்கட்டை சேணம்போல் குழிந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தார். கழுத்து தானாக என் இடது கைக்கு வந்து நின்றது, கூப்பிட்ட மாடிக்கு லிஃப்டு வருவதுபோல. முதல் தடவையாக என் வலது கையால் ஒரு தந்தியை மீட்டினேன். அது பேசியது.

"மிச்சத்தை வீட்டுக்குப் போய் வாசிச்சுக்கறேன்" என்றேன். முதல் தடவை அந்தப் பாட்டு எங்கள் சோபாவில் வர வேண்டும் என்று ஒரு பிடிவாதம்.

வீட்டில் ஐந்து மணிக்கு உட்கார்ந்தேன். கிதாரின் கழுத்து தரையைப் பார்த்துத் தொங்கியது. தூக்கிப் பிடித்தால் அழுத்த வரவில்லை. சரி, கடையில் உட்கார்ந்த மாதிரி உட்காரலாம் என்று வலப்பக்கம் சாய்ந்தேன். கழுத்து அழகாக எழுந்தது. நான்தான் விழுந்தேன்.

தலையணை வைத்துச் சாய்ந்தேன், அமுங்கியது. டிரங்குப் பெட்டியை நிற்க வைத்தேன். அது விலாவில் குத்தியது. அவளுடைய தையல் மிஷினை இழுத்துப் போட்டேன். அதன் காலில் சக்கரம் இருப்பதால் நானும் மிஷினும் சேர்ந்து சமையலறை வரை போய் வந்தோம். முப்பத்தெட்டு வருடம் லிஃப்டுக்கு எதிரெடை சரிபார்த்தவன் நான். பெட்டி ஏற வேண்டுமானால் மறுபக்கம் சரியான கனத்தில் ஒன்று இறங்க வேண்டும். அந்த வித்தை தெரிந்தவன் ஒரு கிதாரோடு நாலு நாள் சோபாவிலிருந்து உருண்டு விழுந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் முழக்கோலுக்குப் போன் செய்தேன்.

ரசமட்டத்தையும் கருவிப்பையையும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் செய்த கிதாரைக் குறை சொன்ன முதல் ஆள் நான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரசமட்டத்தைக் கழுத்தின்மேல் வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

"கச்சிதமா இருக்கே. இதுல என்ன குறை?"

"எந்திரிச்சுப் பாருங்க" என்றேன்.

எழுந்தார். நான் விழுந்தேன்.

மறுபடி உட்கார்ந்தார், சரியாக இருந்தது. எழுந்தார், விழுந்தேன். மூன்றாவது தடவை எழாமல் அப்படியே உட்கார்ந்து தன் இடது தோளைப் பார்த்தார். என் தோள் அதன்மேல் சாய்ந்திருந்தது.

"அய்யய்யோ" என்றார் மெதுவாக. "அன்னிக்கு அளவெடுக்கறப்பவும் இப்படித்தான் உக்காந்திருந்தேனா?"

"இப்படித்தான்."

"சாஞ்சதைச் சொல்லக்கூடாதா?"

"சாயறேன்னு எனக்கே தெரியாதும்மா."

சோபாவைப் பார்த்தார். அதில் இரண்டு குழிகள். ஒன்றில் நான், இன்னொன்றில் அவர். கேட்க வாயெடுத்தவர், சுவரில் இருந்த அவள் போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. இருபது வருடமாக ஆளை அளக்கிறவருக்குத் தன்னையும் சேர்த்து அளந்துவிட்டோமே என்று வெட்கம் போலிருந்தது.

"அடிக்கட்டையில ரெண்டு விரற்கடை எறக்கிட்டா தீந்துச்சு. அரை மணி நேர வேலை. நேரா உக்காந்து வாசிக்கலாம்" என்றார்.

"நேரா உக்கார எனக்கு யாரு சொல்லித் தர்றது?"

"கிதார் சொல்லித் தரும். சாஞ்சீங்கன்னா கழுத்து கைக்கு வராது."

"வேணாம், இப்படியே இருக்கட்டும்."

"அப்ப தெனமும் அஞ்சு மணிக்கு நான் வந்து உக்காரணும். எனக்கு வேற சோலி இருக்கு ஐயா."

நியாயமான பேச்சு. எதிரெடை அறுந்த லிஃப்டை ஓட்டிக்கொண்டிருந்தால் நானே அந்த மெக்கானிக்கைச் செருப்பால் அடித்திருப்பேன்.

"அறுக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் வாசிச்சிக்கட்டுமா?" என்றேன். "நீங்க எந்திரிக்காம இருந்தா போதும்."

அவர் எழவில்லை. முதல் வரி வாசித்தேன். இரண்டாவது வரியும் வந்தது. மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டேன். கை வலிக்கிறது என்றேன். அது அந்தக் கால்வாசியில் சேர்ந்தது. உண்மை என்னவென்றால், தோள் அந்நியமாக இருந்தது. அவளுடையது இன்னும் கொஞ்சம் தாழ்வு.

"அறுத்துடுங்க" என்றேன்.

பையிலிருந்து ரம்பத்தையும் அரத்தையும் எடுத்தார். நான் கிதாரைப் பிடித்துக்கொண்டேன். தூள் தரையில் குவிந்தது. பிறகு உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்துவிட்டு, கூட்டுவதற்குத் துடைப்பம் கேட்டார். "இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றேன். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, "குழியில உக்காராதீங்க. நடுவுல உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி ஐந்தரை ஆகியிருந்தது. முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தாமதம்.

சோபாவின் நடுவில் உட்கார்ந்தேன். முப்பத்தோரு வருடமாக யாரும் உட்காராத இடம். பஞ்சு அமுங்காமல் குன்று மாதிரி இருந்தது. கால் தரையில் சரியாகப் படவில்லை. இரண்டு பக்கமும் பள்ளம். சாய்ந்து பார்த்தேன், பழக்கதோஷம். கழுத்து கையைவிட்டு விலகிப் போனது. நிமிர்ந்தேன். வந்தது.

வாசித்தேன். மூன்றாவது வரியில் நிற்கவில்லை. ஏழாவது வரியில் அவள் எப்போதும் ஒரு தந்தியைத் தவறவிடுவாள். நான் தவறவிடாமல் மீட்டினேன். கேட்க நன்றாகவே இல்லை. திரும்பப் போய் அந்தத் தந்தியை விட்டுவிட்டு வாசித்தேன். பிறகு கடைசிவரை போனேன்.

முடிந்ததும் வீடு முன்னைவிடப் பெரிதாக இருந்தது. இதை அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

அப்போது காலுக்கடியில் துடைப்பக்கட்டை இடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. தரையிலிருந்த மரத்தூள் துள்ளி விழுந்தது. ஜன்னலுக்குப் போய் வெளியே தலையை நீட்டினேன்.

"என்ன வாத்தியாரே?"

கீழ் ஜன்னலில் அவர் தலை வந்தது. "ஏழாவது வரி" என்றார். "எதுக்கு ரெண்டு தரம்?"

"இன்னும் சரியா வரல" என்றேன்.