மூன்றாம் சிலிண்டர்

பட்டறை வட்டாரத்தில் அவனுக்குப் பாம்புக்காது என்று பெயர். வண்டி வாசலில் வந்து நிற்கும் சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டதா, பெல்ட் தளர்ந்துவிட்டதா என்று சொல்லிவிடுவான். பத்தில் ஒன்பது முறை சரியாக இருக்கும். பத்தாவது முறையைப் பற்றி அவன் அதிகம் பேசுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அக்காவின் கார் உள்ளே வந்த விதத்தைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது. குளிர்காய்ச்சல் கண்டவனைப் போல வண்டி முழுதும் நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஓர் அச்சகக்காரரிடம் வாங்கிய பழைய வண்டி. “எஞ்சின் கல்லு மாதிரி இருக்கு, கண்ணை மூடிட்டு வாங்கலாம்” என்று வாக்குக் கொடுத்தவன் அவன்தான்.

“கண்ணைத் திறந்துட்டே வாங்கியிருக்கலாம், மச்சான்” என்றபடி மாமா இறங்கினார். அக்காவின் கணவர், நில அளவையர். எதையும் எண்ணாகச் சொன்னால்தான் நம்புவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. வண்டி வாங்கப் போன அன்று அச்சகக்காரர் சொன்ன மைலேஜைக்கூட அதில் குறித்துக்கொண்டார்.

“சும்மா இருங்க, அவனே பேயறைஞ்ச மாதிரி நிக்கிறான்” என்றாள் அக்கா. “டேய், சிக்னல்ல நின்னா பல்லு கிடுகிடுன்னு ஆடுதுடா. என்னன்னு பாரு.”

புது பிளக் போட்டுப் பார்த்தான். நடுக்கம் அப்படியே இருந்தது.

“சரி மாமா, அளந்து பாத்துடலாம்.”

அளந்து என்றதும் மாமா நோட்டை எடுத்துவிட்டார்.

நான்கு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலும் தீப்பொறியும் போகாதபடி இணைப்புகளைப் பிடுங்கி வைத்தான். முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் அழுத்தம் அளக்கும் கேஜின் குழாயைத் திருகினான். அக்கா உள்ளே உட்கார்ந்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று முள் காட்டியது.

“நூத்தி அறுபத்தஞ்சு.”

மாமா எழுதினார். இரண்டாவது நூற்று அறுபது. மூன்றாவதில் முள் பாதி தூரம்கூடப் போகாமல் உட்கார்ந்துவிட்டது.

“எழுபது.”

“நூத்தி எழுபதா?”

“வெறும் எழுபதுதான், மாமா.”

நான்காவது நூற்று அறுபத்திரண்டு. குற்றவாளி மூன்றாவதுதான் என்று தெரிந்துவிட்டது. அதன் ஓட்டையில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றினான். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடுக்கை அடைத்து அழுத்தம் ஏற வேண்டும். மறுபடி அளந்தபோது முள் எழுபத்திரண்டில் நின்றது.

“ரெண்டு ஏறியிருக்கே!”

“அது உங்களுக்காக முள்ளு காட்டுற மரியாதை, மாமா. ரிங்கு தேயலை. காத்து வேற எங்கயோ ஓடுது.”

எங்கே என்று கண்டுபிடிக்க ஒரே வழி, வெளியிலிருந்து காற்றை உள்ளே செலுத்தி அது தப்பிக்கும் சத்தத்தைக் கேட்பது. மூன்றாவது பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வுகள் மூடியிருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, கியரைப் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். கம்ப்ரஸர் குழாயை மாட்டினான். நடுவில் இரட்டை முள் கொண்ட கேஜ். உள்ளே போகும் காற்றுக்கான முள் நூறு காட்டியது. உள்ளே தங்குவதைக் காட்டும் மற்றது தொண்ணூறுக்காவது வர வேண்டியது, அறுபதில் படுத்துவிட்டது.

“நூத்துக்கு நாப்பது ஆக்கிரமிப்பு” என்று மாமா தொழில் முறையில் குறித்துக்கொண்டார்.

கம்ப்ரஸர் தடதடத்து ஓய்ந்தது. “ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சை அடக்குங்க” என்றான். ஆயில் ஊற்றும் வாயில் காதை வைத்தான். சாதாரணமாக இருந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் ஒரு குமிழிகூட இல்லை. காற்று உள்ளே போகும் குழாய் ஊமையாக இருந்தது. கடைசியில் வண்டியின் பின்னால் போய், மண்டியிட்டு, சைலன்ஸரில் காதை வைத்தான்.

உஸ்ஸ்ஸ்.

புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை. ஏன் என்று அந்தக் கணமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று எஞ்சினில் மெல்லிய டக் டக் ஒன்று கேட்டது. வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம். வேறு யாராக இருந்தாலும் காதில் வாங்கியிருக்க மாட்டார்கள். அவனால் விட முடியவில்லை. அக்காவுக்குத் தெரியாமல் ஒரு பரிசு கொடுக்கிற சந்தோஷத்தில், சத்தம் அடங்கும்வரை டேப்பட் திருகுகளைக் காதாலேயே இறுக்கினான். வால்வு சூட்டில் நீளும், அதற்கு ஒரு மயிரிழை இடைவெளி விடாவிட்டால் முழுதாக மூடாது என்பது பாலபாடம். அளக்கும் தகடு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பாம்புக்காதுக்கு எதற்குத் தகடு?

“என்னடா, உள்ளயே குடியேறிட்டியா?” என்றாள் அக்கா.

எழுந்தான். “எக்ஸாஸ்ட் வால்வு” என்றான். பழைய வண்டியில் இதெல்லாம் சகஜம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். திங்கட்கிழமை தனியாகத் திறந்து, சரிசெய்து, நல்ல பெயரும் வாங்கிக்கொள்ளலாம்.

“அப்போ அந்த அச்சகக்காரர் தெரிஞ்சேதான் நம்ம தலையில கட்டியிருக்காரு!” மாமா போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, டிக்கி மேல் வைத்தார். எதிர்முனையில் “வணக்கம் தம்பி” என்று முழுதாகச் சொல்லக்கூட விடவில்லை. “என்ன சார், பல்லைக் காட்டிப் பேசி வால்வு போன வண்டியை வித்துட்டீங்களே! பெரிய மனுஷன்னு நம்பினோமே!”

அச்சகக்காரரின் குரல் தடுமாறியது. “எனக்கு ஒண்ணும் புரியலையே, தம்பி. எங்கிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. எனக்கே தெரியாம ஏதாவது இருந்திருக்குமோ என்னவோ. நாளைக்கே திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுங்க. நான் எடுத்துக்கிறேன்.”

அதைக் கேட்டபின் அவனால் பொறுக்க முடியவில்லை. குனிந்து போனிடமே சொன்னான். “ஐயா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. டேப்பட்டை இறுக்கிக் கெடுத்தது நான்தான். மெக்கானிக் பேசுறேன்.”

காற்று குறைந்ததால் கம்ப்ரஸர் தானாகவே தடதடவென்று கிளம்ப, மூவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

“அடப்பாவி!” என்றாள் அக்கா.

“மூணு வாரமா லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் குறையுதேன்னு என் கணக்கையே சந்தேகப்பட்டேண்டா!” என்றார் மாமா. பிறகு போனைப் பார்த்து, கழுத்துவரை சிவந்து, “சார், நான் பேசினதை எல்லாம் அடிச்சுடுங்க” என்றார்.

“இருக்கட்டும் தம்பி. முதல்ல வண்டியைப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க.”

எஞ்சின் மேல் மூடியைக் கழற்றினான். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு இடுக்கில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. மாமாவைப் பின்னால் அனுப்பினான். அவர் கைக்குட்டையை விரித்து மண்டியிட்டு, சைலன்ஸரில் காதை வைத்தார். பூட்டுநட்டைத் தளர்த்தி, திருகைப் பின்னோக்கி அரைச் சுற்று விட்டான்.

“நின்னுடுச்சு!” என்ற கூவலும், பம்பரில் தலை இடித்த சத்தமும் சேர்ந்து கேட்டன.

முள் தொண்ணூற்றிரண்டுக்கு ஏறியிருந்தது. வால்வு கருகவில்லை, பிழைத்தது. எட்டு வால்வுக்கும் தகடு வைத்து இடைவெளி விட்டான். மாமா எட்டையும் குறித்துக்கொண்டு, கீழே அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னார். “என் வார்த்தையை நம்ப மாட்டீங்களா?” என்றான். “காதை நம்பினது போதும்” என்றார். மூன்றாவது சிலிண்டர் நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. வண்டியைக் கிளப்பியபோது அக்காவின் பல் ஆடவில்லை.

அச்சகக்காரரை அவனே கூப்பிட்டான். “சரியாயிடுச்சு, ஐயா. மன்னிச்சுடுங்க.”

“நல்லதாப் போச்சு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, உங்க பட்டறை திறந்திருக்குமா, தம்பி?”

“எதுக்குங்க?”

“என்னோட புது வண்டியைக் கொண்டுவரணும். இத்தனை வருஷம் நான் போன பட்டறையில எல்லாம் தப்பு எப்பவும் என்னோடதாத்தான் இருந்துச்சு. நான்தான் கெடுத்தேன்னு சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

“கட்டாயம் வாங்க, ஐயா. நான் ஒருத்தனே இருந்து பாக்குறேன்.”

“ஒருத்தனா வேண்டாம்” என்றது போன். “உங்க மாமாவையும் நோட்டோட வரச் சொல்லுங்க.”