சென்சாரில் ஒட்டிய காந்தம்

ரசாயனப் புகையை விசிறி வைத்து உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகத்தின் புகைப்பெட்டிகளைப் புதிதாக மாற்றிக் கொடுத்தவன் மெக்கானிக். கண்ணாடிக் கதவை இறக்கினால் விசிறி தானாக மெதுவாகும், ஏற்றினால் வேகம் பிடிக்கும். கரண்டும் மிச்சம், புகையும் அறைக்குள் வராது. கதவின் விளிம்பில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு சென்சார். இரண்டும் நெருங்கினால் கதவு மூடியிருப்பதாக விசிறி எடுத்துக்கொள்ளும்.

அன்று காலை அவன் சரிபார்க்க வந்தபோது, அங்கே வேலை பார்க்கும் அவன் தங்கை கதவை ஏற்றிவைத்து, செம்புத் துண்டுகளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துக்கொண்டிருந்தாள். விசிறியோ முனகியது. பழுப்புப் புகை மெல்ல அவள் பக்கம் நகர்ந்தது. மெக்கானிக் குனிந்து பார்த்தான். சென்சார் மேல் வேறொரு காந்தம், டேப் சுற்றி.

"இத யாருடா ஒட்டுனது?"

"நான்தான் மச்சான்," என்றான் ஆய்வகப் பொறுப்பாளன். தங்கையின் கணவன், ஊரே 'மொட்டை' என்று கூப்பிடும் ஆள். "சத்தம் மண்டையப் பிளக்குது. கரண்டும் இன்னும் மிச்சமாச்சுல்ல? மேலிடத்துல கைதட்டுறாங்க."

"எந்தங்கச்சி மூச்சுலயா மிச்சம் பிடிச்ச?"

கேள்வி முடியுமுன் குத்து விழுந்தது. மொட்டையின் மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் இரும்பு ஸ்டாண்டைப் பிடுங்கி வீசினான். மெக்கானிக்கின் தோளெலும்பு முறிந்தது. ஒற்றைக் கையாலேயே அவன் மொட்டையின் கழுத்தை இறுக்கி, தலையைக் கழுவுதொட்டி விளிம்பில் மோதினான். ஸ்டூல் பறந்தது, பாட்டில்கள் நொறுங்கின.

"அண்ணே விடு! ஏங்க, நீங்களாவது விடுங்களேன்!"

பதறித் திரும்பிய அவள் கை தட்டி, மீதித் துண்டுகள் மொத்தமும் குடுவைக்குள் சரிந்தன. அமிலம் பொங்கியது. பழுப்புப் புகை அவள் முகத்தில் வந்து அறைந்தது. இருவரும் தரையில் புரண்டுகொண்டிருந்தார்கள். அவளேதான் இருமிக்கொண்டே தடவித் தடவிக் காந்தத்தைப் பிய்த்தெறிந்தாள். விசிறி உறுமிப் புகையை இழுத்தது.

"எருமைங்களா," என்றாள். "இத ஒருத்தனாவது பிடுங்கித் தொலைச்சிருக்கலாமேடா!" புருஷனுக்கும் சேர்த்துத்தான் அந்த 'டா'.

ஆஸ்பத்திரியில் மத்தியானம்வரை தெளிவாகத்தான் இருந்தாள். "அத நம்பாதீங்க, இந்தப் புகை லேட்டாத்தான் வேலையக் காட்டும்," என்றார் டாக்டர். சாயங்காலம் நுரையீரலில் நீர் கோத்து, உதடு நீலம் பாரித்தது.

கட்டுப் போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் நின்றவர்களிடம் நர்ஸ் வந்தாள். "மூச்சுக்குக் குழாய் போடப்போறோம். அதுக்கு முன்னாடி ஒருத்தர் மட்டும் வந்து பாத்துட்டுப் போலாம்."

"நான் புருஷன்," என்று மொட்டை முன்னே வந்தான். மெக்கானிக் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். மொட்டை அவன் முறிந்த தோளிலேயே அறைந்தான். காவலாளிகள் ஓடிவந்து இருவரையும் தரதரவென்று வாசலுக்கு இழுத்துப் போனார்கள்.

அவளைப் பார்க்க யாரும் போகவில்லை. குழாய் உள்ளே இறங்கியது.