ராயம்மாள் கடைக்குப் போன நீராவி

எந்திரம் என்றால் மதலைமுத்து மாமாவுக்குக் கை தானாக வேலை செய்யும். பெண்கள் எதிரில் வந்தால் வாய்தான் வேலை செய்யாது. என் அக்காவைக் கட்டியவர் அவர். அக்கா காலமான பிறகும் நான் அவருடைய மில்லில்தான் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தேன். செஞ்சி பஜாருக்குப் பின்னால் இருந்த மில் அது. மல்லாட்டை என்கிற நிலக்கடலையின் தோலை எரித்து நீராவி எடுப்போம். அதில்தான் நெல் அவியும், எண்ணெய் ஆட்டும் எந்திரமும் ஓடும்.

மில் சுவரை ஒட்டி ராயம்மாளின் இட்லிக் கடை. புருஷனை இழந்தவள், யாரிடமும் கைநீட்டாதவள். ஓர் ஐப்பசி மழையில் ஈர விறகோடு அவள் மல்லுக்கட்டுவதைப் பார்த்த மாமா, வாயைத் திறக்காமல் சுவரைத் துளைத்து அவளுடைய இட்லிப் பானைக்கு ஒரு குழாய் விட்டுவிட்டார். விறகுச் செலவு போயிற்று. அந்தக் குழாயை நம்பித்தான் அவள் மகளைத் திண்டிவனத்தில் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம், எண்ணெய் வரி விஷயமாக மில்லுக்கு வந்த கலால் இன்ஸ்பெக்டர் ஜெயராமன் கண்ணில் அந்தக் குழாய் பட்டது. நல்ல மனுஷன்தான். ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் சாமி வந்தவர் மாதிரி ஆடுவார்.

“இது எங்க போவுது?”

“பக்கத்து இட்லிக் கடைக்கு சார்,” என்றார் மாமா.

“ஆவியும் உங்க மில்லுல தயாராவுற சரக்குதான். உள்ளயே செலவானா நான் கேக்க மாட்டேன். வெளிய போனா வரி உண்டான்னு மேல எழுதிக் கேக்கணும். அதுவரைக்கும் குழாய அடைச்சு வையுங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “மல்லாட்டத் தோல எரிச்சா வர்ற ஆவிக்கு இன்னா சார் வரி?”

“எத எரிச்சா இன்னாய்யா? சும்மாவா குடுக்கறீங்க?”

“சும்மாதான் சார். காலைல எங்க ஆளுங்களுக்கு இட்லி வரும், அவ்ளோதான்,” என்று மாமா உளறினார்.

“அப்ப வித்த மாதிரிதானே ஆச்சு?”

மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. “வெளி ஆளு இல்ல சார். எங்க வூட்டு ஆளு. நான்... கட்டிக்கப் போறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த வாரம் வந்து பார்க்கிறேன் என்று இன்ஸ்பெக்டர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அக்காவை நினைத்து நெஞ்சு வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் மாமா முகத்தைப் பார்த்தபோது, அது வரிக்குப் பயந்து மட்டும் வந்த வார்த்தை இல்லை என்று புரிந்தது.

“போய் ராயம்மா கிட்ட சொல்லு மாமா,” என்றேன். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார். நேரே மாதா கோயில் உபதேசியாரிடம் போய், பெண்ணுக்கும் சம்மதம் என்று பெயர் கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை படிப்பார்கள். இன்னார் இன்னாரைக் கட்டப் போகிறார், தடை ஏதும் தெரிந்தால் சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை.

அந்த ஞாயிறு ஒருத்தி எழுந்தாள். ராயம்மாளேதான்.

“தடை இருக்குது சாமி. பொண்ண யாரும் கேக்கல.”

பெண்கள் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. புதிதாக வந்திருந்த சாமியார் உபதேசியாரை முறைத்தார். மாமா தரையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

வரிக் கதை மில் ஆட்கள் மூலம் ஏற்கெனவே அவள் காதுக்கு எட்டியிருந்தது. வீடு திரும்பியதும் ராயம்மாள் குழாயின் வால்வை இறுக மூடிவிட்டாள். மறுநாள் கடையில் விறகுப் புகை மண்டியது. இன்ஸ்பெக்டர் வந்தபோதும் அதே புகைதான். பெஞ்சில் உட்கார்ந்து அவர் இட்லியைப் பிட்டார்.

“பாத்துக்கோங்கய்யா, ஆவி வரல,” என்றாள்.

“நான் குழாயத்தான் அடைக்கச் சொன்னேன்ம்மா. கல்யாணத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியே,” என்றார் அவர் பாவமாக.

அப்போதுதான் மாமா வந்தார், நானும் கூடப் போனேன். ராயம்மாள் கரண்டியை வைத்தாள்.

“மொதலாளி, பொண்ணு படிப்புக்கு இன்னும் ரெண்டு ஈடு சேத்து ஊத்திக்குவேன். உங்க குழா எனக்கு வேணாம். உங்க வரிக்கும் நான் வேணாம். அப்பவும் கேக்கணும்னு தோணுனா கேளுங்க. ஊரக் கூட்டிப் படிச்சீங்க இல்ல, ஊரு முன்னாடியே கேளுங்க.”

கடையில் இருந்த எல்லாரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். புகையில் மாமாவின் கண்ணில் நீர் வழிந்தது.

“குழா வுட்ட அன்னைலருந்தே கேக்கணும்னு இருந்தேன். நீ இல்லன்னு சொல்லிட்டா, அப்பறம் அந்தக் குழாயயும் வேணாம்னுடுவியோன்னு பயம். என்ன கட்டிக்கிறியா ராயம்மா?”

அவள் பானையைத் திறந்து, வெந்த ஈட்டை எடுத்துத் துணியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தாள். இட்லிக்காக வண்டியை நிறுத்தியிருந்த வல்லம் பஸ் டிரைவர்கூடக் கிளம்ப மறந்து நின்றுகொண்டிருந்தான்.

“வர்ற ஞாயித்துக்கெழம திரும்ப மொதல்லருந்து படிக்கச் சொல்லுங்க,” என்றாள் கடைசியாக. “நான் எழுந்திரிக்க மாட்டேன்.”