வேருக்கு நிழல்

சங்கிலியம்மாளுக்குப் பூ என்றால் உயிர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூவைப் பார்த்து வாயைப் பிளக்கிற ஆட்களைத்தான் அவளுக்குப் பிடிக்கும். அவள் புருஷன் ராக்கப்பன் திராட்சை வியாபாரி. கம்பம் ஊரில் புதுவீடு கட்டி, கேட்டுக்கு மேலே இரும்புக் கம்பியில் வளைவு போட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த வளைவு மொட்டையாக நின்றதைப் பற்றி அவள் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. தரகர் பேச்சிமுத்து வந்து ஒரு சேதி சொன்ன பிறகுதான் அது அவள் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. இரண்டாயிரத்து ஏழு, ஆனி மாதம்.

"பையன் பேரு மதன்குமாரு. தேவதானப்பட்டியில மாந்தோப்பு இருக்கு, பையனுக்கு மதுரையில உத்தியோகம். ஆவணி பொறக்கவும் பொண்ணு பாக்க வர்றாக," என்றார் பேச்சிமுத்து. "முடிவெல்லாம் பையனோட அம்மா இருளம்மா கையில. அந்தம்மாவுக்குச் செடிகொடி பைத்தியம். போற வீட்டுல பொண்ணப் பாக்குறதுக்கு முன்னாடி வாசலத்தான் பாப்பாக. கொடைக்கானல் பூக்கண்காட்சியில கிளமாட்டிஸுன்னு ஏதோ ஊதாக் கொடியப் பாத்தாகளாம், ஒரு வருசமா வாயத் தொறந்தா அதே பேச்சு."

மகள் தேவயானிக்கு இருபத்தைந்து நடந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் கைக்கு வந்து நழுவிப் போயிருந்தது. ஒன்று ஜாதகத்தில் தட்டியது. இன்னொன்றில் பெண் குட்டை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதும் போனால் சொந்தக்காரிகள் வாயில் போட்டு அரைப்பார்கள். இதை விடக் கூடாது என்று சங்கிலியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

வைகை அணைக்குப் போகிற ரோட்டில் தவசி என்பவன் நாற்றுப் பண்ணை வைத்திருந்தான். அவன் ஒரு படப் புத்தகத்தை விரித்துக் காட்டினான்.

"இது இங்கன கெடைக்காதுக்கா, மலையில இருந்து தொட்டியோட எறக்கணும். இப்போதைக்கு மூணு ரகம் வரும். இந்தா, வெள்ளை. நடுவுல கருப்பா இருக்கும். இது ரோஸு, எதழுல கோடு ஓடும். இது ஊதா."

"வெள்ளை வேணாம். வாசல்ல தொங்குனாத் தாலியறுத்த வீடு மாதிரி இருக்கும். ரோஸப் பாத்தா ஸ்கூல் பிள்ளை ரிப்பன் கெணக்கா இருக்கு. ஊதாவப் போடு."

"ஊதாவுலயும் ரெண்டு இருக்கு. ஒண்ணு சின்னப் பூ, கொஞ்சம் வெயிலு தாங்கும். இன்னொண்ணு உள்ளங்கை அகலம் விரியும், ஆனா ரொம்பச் சொகுசு."

"பெருசு. ரெண்டு தொட்டி."

தவசி வியாபாரத்துக்கே ஆகாத அளவுக்கு நேர்மையானவன். "நான் சொல்றதக் கேளுங்கக்கா. கம்பத்து வெயிலுக்கு இது நிக்கிறது கஷ்டம். பேசாம ரங்கூன் மல்லி வைங்க. வளைவு முழுக்க அடைச்சுக்கிரும்," என்றான்.

"எவ வீட்டு வேலியிலயோ கெடக்குறத எந்தலையில கட்டாத."

"சரி, ஒங்க இஷ்டம். ஒண்ணே ஒண்ணு மட்டும் மறந்துறாதீக. இதுக்கு வேருக்கு நிழல் வேணும், தலைக்கு வெயில் வேணும். அடியில வைக்கோலோ ஓட்டுச்சில்லோ போட்டு மூடி வைங்க."

அவள் காதில் ஏறியது தலைக்கு வெயில் என்பது மட்டும்தான். ஊதாப் பூ வளைவில் தொங்குவதும், இருளம்மாள் அதன் அடியில் மலைத்து நிற்பதும் அதற்குள் அவள் மனசில் ஓட ஆரம்பித்திருந்தன.

எவ வீட்டு வேலி என்று அவள் சொன்னது வேறு யார் வீட்டையும் இல்லை, ஓரகத்தி சுருளியம்மாள் வீட்டைத்தான். ராக்கப்பனின் தம்பி லாரி கவிழ்ந்து செத்துப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. தம்பி பொண்டாட்டி சுருளி பக்கத்திலேயே பழைய ஓட்டுவீட்டில் மகள் மாரீஸ்வரியோடு இருந்தாள். பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் வேலை. வீட்டுப் பட்டா ராக்கப்பன் பேரில் இருந்ததால் சங்கிலியம்மாள் சொன்னதுதான் அந்த வீட்டிலும் சட்டம்.

மாரீஸ்வரிக்கு ஒன்பது வயதில் உதட்டோரத்திலும் விரல்களிலும் வெள்ளை விழுந்தது. தொத்தாது, பயப்படாதே என்று டாக்டர் சொன்னார். ஊர் வாய்க்கு டாக்டர் பேச்சு எந்த மூலைக்கு? அன்றைக்கே சங்கிலியம்மாள் வந்து நின்றாள்.

"ஏத்தா சுருளி, எனக்கும் ஒரு பொட்டப்பிள்ளை இருக்கு. நாளப்பின்ன பொண்ணு கேட்டு வர்றவுக கண்ணுல இது பட்டா, குடும்பத்துலயே வெள்ளை ஓடுதுன்னு வந்த வழியே போயிருவாக. வேலியில ஒரு கொடியப் போட்டு மறை."

சுவர் வைக்க வக்கில்லாமல் கம்பிவலை கட்டிய வேலி அது. பாவம், சுருளியும் அன்றைக்குக் கொடி தேர்ந்தெடுத்தாள். பிச்சி வைத்துப் பார்த்தாள், இலை மெலிசு, ஆள் தெரிந்தது. சங்குப்பூ கோடையில் காய்ந்து கொட்டியது. காகிதப்பூவின் முள் பிள்ளை கையைக் கிழித்தது. கடைசியில் ரங்கூன் மல்லிதான் பாய் விரித்த மாதிரி வேலியை அடைத்துக்கொண்டது. சாயங்காலம் வெள்ளையாக விரிந்து மறுநாளைக்குள் சிவந்துபோகிற அந்தப் பூவை அவள் நிறத்துக்காக வைக்கவில்லை. இலைக்காக வைத்தாள்.

மாரீஸ்வரி அந்த இலைக்குப் பின்னால்தான் வளர்ந்தாள். பத்தாவதோடு நின்று, தையல் மிஷினைப் பழகி, முற்றத்தில் உட்கார்ந்து ரவிக்கை தைத்தாள். துணி வாங்குவதும் கொடுப்பதும் அம்மாதான். இருபது வயது ஆனபோது அங்கே அப்படி ஒருத்தி இருப்பதே தெருவில் பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. சங்கிலியம்மாளுக்கு அதில் ரொம்பத் திருப்தி.

ஊதாத் தொட்டிகள் வந்து இறங்கின. சிமெண்டுத் தரையைக் கொத்தி வளைவுக்கு இரண்டு பக்கமும் நட்டார்கள். பத்து நாளில் இலை மஞ்சளாகி ஓரம் கருகியது. தவசிக்குப் போன் போட்டால் வேரை மூடினீர்களா என்று அதையே கேட்டான். வாசலில் வைக்கோலைப் பரப்பி வைத்தால் மாட்டுக் கொட்டடி மாதிரி இருக்காதா? அவள் போனை வைத்துவிட்டுப் பக்கத்து வேலியைப் பார்த்தாள். அங்கே ரங்கூன் மல்லி ஒரு குறையும் இல்லாமல் கொத்துக் கொத்தாகச் சிவந்து தொங்கியது. அதில் ஒரு கிளை அவள் வாசல் தூணையும் தொட்டிருந்தது. அவள் வேலியோரம் போய் நின்று குரல் கொடுத்தாள்.

"ஏடி சுருளி, ஒங்கொடி எஞ்செடிக்கு வெயில மறைக்குது. வெட்டிரு."

"தூணுப் பக்கம் வந்தத நானே கழிச்சு விட்டுர்றேங்க்கா. வேலிய மட்டும் விட்ருங்க. பிள்ளை அங்கனதான் ஒக்காந்து தைக்குது."

சுருளி அன்றைக்கே கழித்தும் விட்டாள். கிளமாட்டிஸ் தேறவில்லை. உண்மையில் வெயிலா பிரச்சினை? இருளம்மாள் வேனை விட்டு இறங்கினால் முதலில் எந்தப் பூவைப் பார்ப்பாள் என்பதுதான் பிரச்சினை. விதவை வீட்டு வேலி இப்படிப் பூத்துக் கிடக்க, அவள் வளைவில் இரண்டு நோஞ்சான் குச்சி. சங்கிலியம்மாளால் அதைத் தாங்க முடியவில்லை.

திராட்சைத் தோட்டத்தில் கவாத்து பண்ணுகிற கருத்தக்கண்ணனைக் கத்தரியோடு வரச் சொன்னாள், சுருளி பள்ளிக்கூடத்துக்குப் போன நேரமாகப் பார்த்து.

"அடியிலயாக்கா வெட்ட?"

"அடியில."

மாரீஸ்வரி மிஷினை விட்டு எழுந்து ஓடி வந்தாள். "பெரியம்மா, மேல எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க. அடிய மட்டும் விட்ருங்க பெரியம்மா."

"வேலி இல்லாட்டி வீட்டுக்குள்ள இரு. ஒம்மொகத்தப் பாக்கணும்னு எவன் தவங்கெடக்குறான்?"

கருத்தக்கண்ணனே ஒரு நிமிஷம் கத்தரியைத் தாழ்த்திக்கொண்டு நின்றான். "ஏலே, ஒனக்குக் கூலி நான் குடுக்குறேனா, அவ குடுக்குறாளா?" என்று அவள் கேட்ட பிறகு குனிந்து அடித்தண்டில் வைத்தான். பத்து வருஷத்துக் கொடி நாலே வெட்டில் முடிந்தது. கம்பியில் பின்னிக் கிடந்ததைப் பிய்த்து எடுக்க நேரமில்லை என்று அப்படியே விட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் வந்த சுருளி வாடத் தொடங்கியிருந்த இலையைக் கையால் தடவிப் பார்த்தாள். சண்டை போடவில்லை. "அவுக வர்ற அன்னைக்குப் பிள்ளைய என்னக்கா செய்யட்டும்?" என்று மட்டும் கேட்டாள்.

"உள்ள வச்சுப் பூட்டிட்டு நீ வந்து என் அடுப்படியில நில்லு. சாவி எங்கிட்ட இருக்கட்டும். முன்வாசலுக்கு மட்டும் வந்துறாத."

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து நின்றது. இரண்டு கிளமாட்டிஸில் ஒன்று செத்துவிட்டது. மற்றதில் ஒரே ஒரு பூ, உள்ளங்கை அகலத்தில், ஊதாவாக விரிந்திருந்தது. சங்கிலியம்மாளின் வேண்டுதலோ என்னவோ, சரியாக அன்றைக்குத்தான் விரிந்தது. இருளம்மாள் இறங்கியதும் நேராக அதனிடம்தான் போனாள். அந்த ஒரு நிமிஷம் சங்கிலியம்மாளுக்கு உலகமே கைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

"கிளமாட்டிஸ். அடி ஆத்தா, இத எங்கன பிடிச்சீக மதினி?" என்றாள் இருளம்மாள். குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். "ஆனா இது பொழைக்காது. இப்படிச் சிமெண்டுத் தரையில விட்டா வேரு வெந்துரும்ல."

நிமிர்ந்தவள் கண்ணில் பக்கத்து வேலி பட்டது. கம்பிவலை நெடுகக் காய்ந்த கொடி பழுப்பாகத் தொங்கியது. "ஐயய்யோ, எம்புட்டுப் பெரிய ரங்கூன் மல்லி. இதுக்கு என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.

"பூச்சி விழுந்துருச்சு மதினி. நீங்க உள்ள வாங்க, காப்பி ஆறுது," என்று சங்கிலியம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

"பூச்சி இல்ல மதினி, கத்தரி. வெட்டுவாய் நேரா இருக்கு பாருங்க. எந்தப் பாவி செஞ்சது?"

செடியை நேசிக்கிறவள் சும்மா போவாளா? காய்ந்த தண்டைப் பிடித்து மெல்ல விலக்கினாள். சருகெல்லாம் பொலபொலவென்று கொட்டியது. உள்ளே முற்றம், தையல் மிஷின், பூட்டுத் தொங்குகிற கதவு, அதை ஒட்டி ஒரு ஜன்னல். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மாரீஸ்வரி நின்றாள். விரல் பத்தும் வெளுத்து வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

"யாருத்தா நீ?"

"மாரீஸ்வரி. இவுக எங்க பெரியம்மா."

"கூடப் பொறந்தவுக மகளா?"

"இல்ல, எங்க அப்பாவும் பெரியப்பாவும் அண்ணந்தம்பிக."

"ஏன் வெளிய பூட்டிக் கெடக்கு?"

"சாவி பெரியம்மா இடுப்புல இருக்கு," என்றாள் மாரீஸ்வரி. குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

இருளம்மாள் அந்தப் பெண்ணுக்காக மனசு இரங்கியிருப்பாள் என்று நினைக்காதீர்கள். செடிக்கு இரங்குகிறவர்கள் எல்லாம் மனுஷருக்கு இரங்குவதில்லை. உள்ளே வந்தாள், கேசரி சாப்பிட்டாள், தேவயானியைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலைமுடியைத் தடவினாள். கிளம்பும்போது சங்கிலியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பொண்ணு மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கா. ஆனா அங்கன பாத்ததும் ஒரே ரத்தந்தான மதினி? நாளைக்கு எம் பேரப்பிள்ளைக்கு வந்தா நான் யாரப் போயிக் கேக்க?"

"மதினி, அது வந்து..."

"கொடி பச்சையா இருந்திருந்தா, தெருவுல நின்னு பாத்துட்டுப் பேசாம உள்ள வந்துருப்பேன். காஞ்சு கெடக்கவும்தான் கிட்டப் போனேன்."

தேவயானி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். பட்டுச்சேலையைக்கூட அவிழ்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. சங்கிலியம்மாள் சுருளி வீட்டைக் காலி பண்ணச் சொல்லும்படி புருஷனிடம் ஆடித் தீர்த்தாள். தம்பி பிள்ளையைத் தெருவில் விட்டால் ஊர் காறித் துப்பும் என்று ராக்கப்பன் ஆயுசில் முதல் தடவையாக அவளிடம் முடியாது என்றான்.

புரட்டாசி மழையில் வேலியில் கிடந்த சருகெல்லாம் உதிர்ந்து, வெட்டிய அடித்தண்டிலிருந்து ரங்கூன் மல்லி துளிர்த்தது. அதைப் பார்த்ததும் சங்கிலியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தையில் இன்னோர் இடம் வரும் என்று பேச்சிமுத்து சொல்லியிருந்தார். அவளே குடத்தைத் தூக்கிப் போய் வேலியோரம் தண்ணீர் ஊற்றினாள். சாணி கரைத்து விட்டாள். தன் ஊதாக் கொடிக்குப் போடாத வைக்கோலைக் கொண்டுவந்து வேரைச் சுற்றிப் பரப்பினாள். ஆனால் விரல் நீளம் வருகிற துளிர் மறுநாள் இருக்காது. ஆடு கடித்திருக்கும் என்று முள் வைத்தாள். அப்படியும் காணாமல் போனது.

ஒருநாள் காலையில் ஒளிந்திருந்து பார்த்தாள். மாரீஸ்வரி வந்து குனிந்து, ஒவ்வொரு துளிராக நகத்தால் கிள்ளிப் போட்டாள். பிறகு மிஷினை இழுத்து வேலியை ஒட்டி, தெருவைப் பார்க்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அடிப் பாவி, நீதானா? அது வளரட்டும்டி. ஒங்க அக்காவுக்குத் தையில வர்றாகடி."

மாரீஸ்வரி ஊசியில் நூலைக் கோத்தாள். "வேணாம் பெரியம்மா. வெளிச்சம் நல்லா இருக்கு."

"ஏத்தா சுருளி, நீயாச்சும் சொல்லுத்தா. ஒங்கால்ல விழுறேன்."

சுருளி ரவிக்கைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த துணியை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

தை மாதம் பெண் பார்க்க வந்த வேன் வீடு தெரியாமல் தெருவில் தயங்கி நின்றது. டிரைவர் தலையை நீட்டி, ராக்கப்பன் வீடு எது என்று கேட்டார். வேலியோரம் தைத்துக்கொண்டிருந்த மாரீஸ்வரி எழுந்து கம்பிவலைக்கு மேலே கையை நீட்டி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரலை விரித்து, "எங்க பெரியப்பா வீடுதான? இந்தா, இதுதான், வாங்க," என்று காட்டினாள்.