ஏழாவது கேள்வி

பூட்டு என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். எதைத் திறக்கலாம் என்றாலும் வேண்டாம் என்பார், அதனால் பூட்டு. பெயர் ஒட்டிக்கொண்டது, இப்போது எங்கள் சர்வரைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாருமே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பதினோரு வருடமாக அவரும் நானும் சேர்ந்து வேலை செய்கிறோம். அவர் வேறு ஊர். முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. சண்டை மட்டும் ஆயிரம் போட்டிருக்கிறோம்.

எங்கள் சர்வர் செய்வது சின்ன வேலை. நீங்கள் ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய எண்ணை நாலு இடத்தில் விசாரித்துக் கொண்டுவந்து கொடுக்கும். எண் தப்பானால் தொலைந்தது: வங்கிக்குப் போகிறேன் என்று திருடன் வீட்டுக்குள் போய் உட்காருவீர்கள். இந்த நிரலை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், படிக்கலாம், திருத்தலாம். எடுத்துக்கொள்ள ஆயிரம் பேர் உண்டு. திருத்த நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஒரு கல்லூரியில் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். மிச்ச நேரமெல்லாம் இதற்கு. எங்களுக்குள் ஒரே ஒரு விதி. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து ‘சரி’ என்று போட வேண்டும். போடாவிட்டால் உள்ளே போகாது.

போன மாதம், லட்சக்கணக்கான வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் ஒரு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை சோதனை வைப்பார்கள்; வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தால் எங்கள் சர்வரையே எடுத்துக்கொள்வார்கள்; கூடவே முழுநேர வேலைக்கு இரண்டு பேரைத் தருவார்கள். இரண்டு பேர்! பதினோரு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு ஆள் வராத இடத்துக்கு இரண்டு பேர்.

வேகம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு கேள்விக்கும் சர்வர் ஒரு புது வாசலைத் திறந்து வெளியே விசாரிக்கும். பதில் அதே வாசலுக்கு வந்தால்தான் நம்பும். எந்த வாசல் என்று தெரியாததால் திருடனால் பொய்ப் பதிலை நுழைக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் திறந்து மூடுவதிலேயே பாதி நேரம் போகிறது. நான் நாலாயிரம் வாசல்களை முன்கூட்டியே திறந்து வைத்து, மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்படி எழுதினேன். வேகம் நாற்பது சதவீதம் கூடியது. கணினி அறையில் தனியாக நின்று கைதட்டினேன்.

பூட்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். மூன்று வாரம், ஆறு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் எழுதினேன். கல்லில் நார் உரிப்பதுகூட இதைவிடச் சுலபம். சோதனைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஏழாவது வந்தது: “நம் சர்வர் ஓடும் சின்னக் கணினிப் பெட்டிகளில் நாலாயிரம் வாசல் திறக்க இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாரும் பார்க்கும் பொதுப் பக்கத்தில் எழுதினேன்: “சின்னப் பெட்டிக்கு ஒரு கவலையும் இல்லை. சின்ன மூளைக்குத்தான் இப்படிக் கவலை வரும். இவரிடம் விட்டால் சர்வரை அணைத்து வைப்பதுதான் பாதுகாப்பு என்பார்.” இருபத்திரண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எனக்கும் சிரிப்புத்தான்.

ஒரு வாரம் சத்தமே இல்லை. புதன்கிழமை மாலை பூட்டு எழுதினார்: “சரி.”

“ஜெயிச்சுட்டேன்!” என்று கத்திக்கொண்டே கூடத்துக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

“என்ன எழுதியிருக்காரு?”

“சரின்னு.”

“அவ்வளவுதானா? வளவளன்னு நாலு பக்கம் எழுதற மனுஷனாச்சே.”

“தோத்துட்டா வேற என்னத்த எழுதுவாராம்?”

“எங்க லைன்லயும் இப்படி ஒருத்தர் இருந்தார்மா. செக் பண்ணாமலேயே கையெழுத்து போடுவார். அவர் கையெழுத்து போட்ட லிஃப்ட்ல நான் ஏற மாட்டேன். படி ஏறித்தான் போவேன்.”

“உங்க லிஃப்டும் என் சர்வரும் ஒண்ணா? போங்க, வந்துட்டாரு” என்றேன். ஆனால் மனசு கேட்கவில்லை. பூட்டு ஒரு கமா இடம் மாறியிருந்தால்கூட மூன்று வரி எழுதுகிறவர்.

மறுநாள் கல்லூரிக்கு லீவு போட்டேன். எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு பழைய பெட்டி கிடக்கிறது. அதிலும் எங்கள் சர்வர்தான் ஓடுகிறது. புது நிரலை அதில் ஏற்றினேன். எத்தனை வாசல் திறந்திருக்கிறது என்று எண்ணச் சொன்னேன்.

ஒன்று.

நம்பாமல் மறுபடி எண்ணச் சொன்னேன். ஒன்றுதான். அவ்வளவு சின்னப் பெட்டியில் அதற்கு மேல் இடம் கிடைக்காது. நான் எழுதிய நிரல் கிடைத்ததை வாங்கிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், எல்லாக் கேள்வியையும் அந்த ஒரே வாசல் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட பெட்டிகள் கிளினிக்கிலும் பள்ளிக்கூடத்திலும் கடைகளிலும் எங்களை நம்பி எத்தனையோ ஓடுகின்றன. பக்கத்து லேப்டாப்பிலிருந்து நானே திருடியாகிப் பொய்ப் பதில்களை அனுப்பிப் பார்த்தேன். ஒன்பதாவது நிமிடம் பெட்டி என் பொய்யை நம்பிவிட்டது.

தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு கோபம் பூட்டின் மேல் திரும்பியது. இதைப் பிடிக்கத்தானே ஐயா நீ இருக்கிறாய்? அவசரத்துக்கென்று எழுதி வைத்திருந்த எண்ணைத் தேடியெடுத்து, பதினோரு வருடத்தில் முதல்முறையாகப் போன் செய்தேன்.

மெல்லிய குரல். நான் யாரென்று சொன்னதும், “சொல்லுங்க மேடம்” என்றார்.

“படிச்சீங்களா, படிக்கலையா?”

“படிக்கலை.”

“பின்ன என்னத்துக்கு சார் சரின்னு போட்டீங்க? படிக்காம சரி போடறதுக்கா நீங்க இருக்கீங்க?”

“என் பொண்ணுக்கு பதிமூணு வயசு மேடம். அப்பா என்ன வேலை செய்யறாருன்னு ஸ்கூல்ல எழுதிட்டு வரச் சொன்னாங்களாம். பெருமையா நம்ம பக்கத்தத் திறந்து படிச்சிருக்கா.”

நான் எழுதிய வரி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

“‘சின்ன மூளைன்னு சொல்றாங்களே, நீ ஏன்பா ஒண்ணும் சொல்லலை?’ன்னு கேட்டா. சிரிச்சவங்களை எண்ணி வேற வச்சிருந்தா. ‘இருபத்திரண்டு பேருப்பா’ன்னா. அதுக்கப்புறம் எனக்கு அந்தப் பக்கத்தத் திறக்கவே பிடிக்கலை. சரின்னு போட்டா சண்டை முடிஞ்சிடுமில்ல.”

“உங்க ஏழாவது கேள்வி நியாயம்தான் சார்” என்றேன். “எங்க வீட்டு டிவிக்குக் கீழ கிடக்கிற பெட்டியில ஒரே வாசல். ஒன்பது நிமிஷத்துல நானே உள்ள நுழைஞ்சிட்டேன்.”

“ம்” என்றார். வைத்துவிட்டேன்.

அந்த வரிகளை அழிக்கலாம் என்று பார்த்தேன். முடியாது. இங்கே எதையும் மறைப்பதில்லை, அழிப்பதில்லை என்று நாங்களே பெருமையடித்துக்கொண்ட பக்கம் அது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டால் பரவாயில்லை, அந்தப் பெண் என்ன செய்தாள்?

நிறுவனத்துக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். “எங்க மெஷின் எல்லாம் பெரிசு மேடம். எங்களுக்கு இது பிரச்சினையே இல்லையே” என்றார். உண்மைதான். வாங்கி வைத்திருந்த ‘சரி’யும் கையில் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், இரண்டு பேர் வருவார்கள்.

“யாரும் படிக்காத நிரல் சார் அது. வெளியே விட முடியாது” என்றேன். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை பொதுப் பக்கத்தில், அந்தப் பழைய வரிகளுக்கு நேர் கீழேயே எழுதினேன்: “ஏழாவது கேள்விக்குப் பதில். சின்னப் பெட்டியில் என் நிரல் ஓட்டை. அவர் கேட்டது சரி. நான் பேசியது தப்பு. அவர் கேள்வி கேட்டதால்தான் பதினோரு வருடமாக நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள்.” இந்த முறை யாரும் பொம்மை போடவில்லை. திருத்திய நிரலையும் வைத்தேன்: நாலாயிரம் வாசல் கிடைக்காவிட்டால் பழைய முறைக்கே திரும்பிவிடும், பெட்டிக்குள்ளேயே இருக்கும் பதிவேட்டில் ஒரு எச்சரிக்கையும் எழுதும். அதற்கும் அவர் சரி போட வேண்டும். போடுவாரா என்று தெரியாது.

சனி போனது. ஞாயிறும் போனது. திங்கட்கிழமை கல்லூரியில் சாப்பாட்டு நேரத்தில் பூட்டிடமிருந்து வந்தது. ‘சரி’ அல்ல, கேள்வி. “எட்டாவது கேள்வி. எச்சரிக்கையைப் பதிவேட்டில் எழுதுகிறது. பெட்டி டிவிக்குக் கீழே கிடக்கிறது. யார் படிப்பார்கள்?”

ஐயோ சனியனே என்று வாய்விட்டே சொன்னேன். இன்னும் ஒரு வாரம் போச்சு. உடம்பெல்லாம் எரிந்தது, கண்ணும் கலங்கியது. சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வந்து, நல்ல கேள்வி என்று ஆரம்பித்து ஆறு வரி பதில் அடித்தேன். அனுப்புவதற்கு முன், பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி படிப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். கடைசி வரியை எடுத்துவிட்டு அனுப்பினேன்.